பயானின் இலக்கணம் கண்ட பஸரா அறிஞர் அல்-ஜாஹிழ்

'பயான்' என்னும் சொல் தமிழ் முஸ்லிம்களின் நாவில் நாளும் புழங்குவது. பள்ளிவாசலில் தொழுகைக்குப் பின் ஆலிம் ஒருவர் நிகழ்த்தும் மார்க்கச் சொற்பொழிவையே நாம் அச்சொல்லால் குறிக்கிறோம். ஆயின் அரபு மொழியில் அச்சொல்லின் பொருட்பரப்பு இதனினும் விரிந்தது. மறைந்து கிடப்பதை வெளிப்படுத்தல், மங்கியதைத் தெளிவாக்கல், ஒருவர் உள்ளத்தில் உள்ளதை மற்றொருவர் உள்ளம் அறியச் செய்தல் ஆகிய யாவும் பயானே ஆகும். திருக்குர்ஆனின் 55ஆம் அத்தியாயமாகிய அர்-ரஹ்மான், இறைவன் மனிதனைப் படைத்ததைக் கூறிய உடனேயே அவனுக்குப் பயானைக் கற்றுத் தந்ததைக் கூறுகிறது. உயிர் பெற்ற மனிதனுக்கு அடுத்து வேண்டியது தன் கருத்தைப் பிறர்க்குப் புலப்படுத்தும் ஆற்றலே என்பது இவ்வரிசை முறையால் விளங்கும்.

அந்த ஆற்றல் எத்தகையது? பொருள் ஒன்று ஓர் உள்ளத்திலிருந்து மற்றோர் உள்ளத்திற்கு எவ்வெவ் வாயில்கள் வழியாகச் செல்கிறது? இவ்வினாக்களை எடுத்துக்கொண்டு முறையாக ஆராய்ந்த முன்னோருள் தலையாயவர் கி.பி. 9ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பஸரா நகரத்துப் பேரறிஞர் அபூ உஸ்மான் அம்ர் இப்னு பஹ்ர் ஆவார். உலகம் அவரை அல்-ஜாஹிழ் என்றே அறியும். இக்காலத்தில் குறியியல் என வழங்கும் துறைக்கு அடித்தளம் இட்டவர்களாக ஸ்விட்சர்லாந்தின் ஃபெர்டினான் டி சசூர் (1857-1913), அமெரிக்காவின் சார்லஸ் பியர்ஸ் (1839-1914) ஆகிய இருவரையும் பாடநூல்கள் குறிப்பிடுகின்றன. அவர்களுக்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, சொல் மட்டுமன்றிப் பொருளைச் சுமக்கும் குறிகள் அனைத்தையும் ஒருசேர வைத்து எண்ணிப் பார்த்தவர் அல்-ஜாஹிழ். அவருடைய வாழ்வை அறிந்தால் அச்சிந்தனை எங்கிருந்து முளைத்தது என்பதும் புலனாகும்.

பிறப்பும் இளமையும்

கலீஃபா உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் உத்பா இப்னு கஸ்வான் (ரலி) அவர்களால் படைவீட்டு நகராக நிறுவப்பட்டது பஸரா. கடல்வழி வணிகத்தால் அந்நகர் விரைந்து வளர்ந்தது. இந்தியப் பெருங்கடலின் சரக்குகள் வந்திறங்கும் துறையாகவும், அரபியர், பாரசீகர், சிந்து நாட்டார், ஆப்பிரிக்கர் எனப் பல இனத்தாரும் கலந்து வாழும் களமாகவும் அது விளங்கிற்று. ஒரே தெருவில் பல மொழிகளும், ஒரே மொழியின் பல ஒலிப்புகளும் கேட்கும் ஊர் அது. அந்நகரில் ஹிஜ்ரி 160ஐ ஒட்டி, அதாவது கி.பி. 776ஆம் ஆண்டளவில், அல்-ஜாஹிழ் பிறந்தார்.

அவர் குடும்பம் வறியது. அவருடைய பாட்டனார் ஒட்டகம் ஓட்டிய கறுப்பினத்தவர் என்று பழைய வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். இளமையில் அவர் ஸைஹான் கால்வாய்க் கரையில் ரொட்டியும் மீனும் விற்றுப் பிழைத்தார் என்பதும் அவர்கள் தரும் செய்தியே. செல்வமும் குலப்பெருமையும் இல்லாத அவருக்கு முகப்பொலிவும் வாய்க்கவில்லை. விழிகள் இரண்டும் வெளியே பிதுங்கி நின்றன. ஜாஹிழ் என்னும் அரபுச் சொல்லுக்குப் பிதுங்கிய விழியுடையவர் என்பதே பொருள். உடற்குறை ஒன்றைச் சுட்டி ஊரார் இட்ட பட்டப்பெயர் அவர் இயற்பெயரை மறைத்துவிட்டது. பிறர் தம் முகத்தைப் படித்துத் தம்மைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிடுகின்றனர் என்பதைச் சிறு வயது முதலே உணர்ந்தவர் அவர். குறிகளைப் பற்றிய ஆராய்ச்சி அவர்க்கு வெறும் ஏட்டுக் கல்வியாக இல்லாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

அவர் அன்னையைப் பற்றிய ஒரு வரலாறு பெரிதும் வழங்குகிறது. மகன் எந்நேரமும் ஏடும் கையுமாகத் திரிவதைக் கண்டு மனம் வருந்திய அத்தாய், ஒருநாள் அவர் உணவு கேட்டபோது, தட்டு நிறைய அவருடைய குறிப்பேடுகளை அடுக்கிக் கொண்டுவந்து முன் வைத்தார். வாய் திறந்து ஒரு கடுஞ்சொல்லும் கூறவில்லை. மனமுடைந்து பள்ளிவாசலுக்குச் சென்று அமர்ந்த மகனைக் கண்டு காரணம் கேட்டறிந்த மூவைஸ் இப்னு இம்ரான் என்னும் செல்வர் ஐம்பது தீனார் கொடுத்து உதவினார். அல்-ஜாஹிழ் மாவும் பிற பொருள்களும் வாங்கிச் சுமையாட்களின் தலையில் ஏற்றி வீட்டிற்கு வந்தார். இவையெல்லாம் எங்கிருந்து வந்தன என்று அன்னை வியந்து வினவ, தாங்கள் தட்டில் வைத்துத் தந்த அந்த ஏடுகளிலிருந்துதான் என்று மகன் விடை கூறினாராம். பேசாத தட்டு பேசிய பேச்சு அது. பிற்காலத்தில் அவர் வகுத்த இலக்கணத்திற்கு இந்நிகழ்ச்சியே ஓர் எடுத்துக்காட்டாக நிற்கிறது.

கற்ற இடங்கள்

பஸராவின் புறத்தே மிர்பத் என்னும் திடல் இருந்தது. பாலைநிலத்து அரபியர் ஒட்டகங்களுடன் வந்து தங்கும் சந்தை அது. கலப்பற்ற அரபு மொழியைச் செவியாரக் கேட்க விரும்பிய மொழியறிஞர்கள் அங்கே கூடுவர். கவிஞர்கள் கவிதை அரங்கேற்றுவர். அல்-ஜாஹிழுக்கு அத்திடல் ஒரு திறந்தவெளிப் பள்ளியாயிற்று. நகரின் பெரிய பள்ளிவாசலில் கூடிய அறிஞர் குழுவினரும் அவரைத் தம்முடன் சேர்த்துக்கொண்டனர். அஸ்மஈ, அபூ உபைதா, அபூ ஸைத் அல்-அன்ஸாரி ஆகிய மொழி வல்லுநர்களிடமும், இலக்கண அறிஞர் அல்-அக்ஃபஷிடமும், தர்க்கத்தில் வல்ல அந்-நழ்ழாமிடமும் அவர் பயின்றார். கொள்கைத் துறையில் அவர் முஃதஸிலாப் பிரிவைச் சார்ந்தவர். அப்பிரிவின் கருத்துகளை அஹ்லுஸ் ஸுன்னத் வல் ஜமாஅத் அறிஞர்கள் ஏற்கவில்லை. ஆயினும் அரபு உரைநடையின் தந்தையருள் ஒருவர் அவர் என்பதில் எப்பிரிவினர்க்கும் ஐயமில்லை.

அவர் பிறந்த நூற்றாண்டின் இறுதியில் பக்தாதில் காகிதம் செய்யும் தொழில் வேரூன்றிற்று. தோலினும் பாப்பிரஸினும் மலிவான காகிதம் கிடைத்ததால் நூல்களைப் படியெடுத்து விற்கும் கடைகள் பெருகின. அல்-ஜாஹிழ் இக்கடைகளை இரவில் வாடகைக்கு எடுத்து, உள்ளேயே தங்கி விடியும்வரை படிப்பார் என்று இப்னுந் நதீம் தம் நூற்பட்டியலில் பதிந்துள்ளார். கையில் கிடைத்த எந்த நூலையும் முடிக்காமல் அவர் கீழே வைத்ததில்லையாம். பகலில் சந்தையின் பேச்சு, இரவில் கடையின் எழுத்து என இரண்டு பள்ளிகளில் ஒருசேரப் பயின்றதனால்தான், நாவின் வலிமையையும் எழுதுகோலின் வலிமையையும் அவரால் ஒப்பிட்டு நிறுக்க இயன்றது.

அட்டையில் உள்ள பெயர்

எழுத்தாளராகத் தலையெடுத்த காலத்தில் அவர் கண்ட உண்மையொன்றை அவரே தம் கட்டுரையொன்றில் எழுதியுள்ளார். நன்கு ஆய்ந்து திருத்தமாக எழுதிய நூலைத் தம் பெயரில் வெளியிட்டால், பொறாமை கொண்டோர் கூடிக் குற்றம் கூறினர். அதனினும் தரத்தில் குறைந்த ஒன்றை இப்னுல் முகஃப்பஃ போன்ற பழம்பெரும் ஆசிரியர் ஒருவரின் பெயரில் உலவவிட்டால், அதே மனிதர்கள் தேடி வந்து படியெடுத்துச் சென்று, மாணவர்க்குப் பாடமும் சொன்னார்கள். நூலின் உள்ளே உள்ள சொற்களைப் படிப்பதற்கு முன்பே மேலே உள்ள பெயரைப் படித்து மக்கள் தீர்ப்பு வழங்கிவிடுகின்றனர். பெயரும் ஒரு குறியே. அதுவும் பொருளைச் சுமந்து வருகிறது. சில வேளைகளில் உண்மைப் பொருளை மறைத்தும் விடுகிறது. முகத்தைக் கண்டு மனிதனை அளப்பதும் பெயரைக் கண்டு நூலை அளப்பதும் ஒரே பிழையின் இரு வடிவங்கள் அல்லவா?

இத்தடைகளையெல்லாம் கடந்து அவர் எழுத்து அரசவையை எட்டியது. 813 முதல் 833 வரை ஆண்ட கலீஃபா அல்-மஃமூன், தலைமைத்துவம் குறித்து அல்-ஜாஹிழ் எழுதிய நூல்களைப் படித்துப் பாராட்டினார். இந்நூல் தன்னை விளக்குவதற்குத் தன் ஆசிரியர் அருகில் நிற்க வேண்டிய தேவையின்றித் தானே நின்று பேசுகிறது என்பது அப்பாராட்டின் சாரம். எழுத்துக்கு இதனினும் உயர்ந்த நற்சான்று இருத்தல் அரிது. பேச்சில் ஐயம் எழுந்தால் பேசுபவரைக் கேட்கலாம். எழுத்தில் ஐயம் எழுந்தால் எழுதியவர் ஆயிரம் கல் தொலைவில் இருக்கலாம், மண்ணுக்குள்ளும் இருக்கலாம். ஆகவே எழுதுவோன் படிப்போரின் ஐயங்களை முன்கூட்டியே உணர்ந்து எழுதக் கடமைப்பட்டவன்.

பின்னர் அரசுச் செயலகத்தில் அவர்க்குப் பதவி கிடைத்தது. மூன்றே நாட்களில் அதைத் துறந்து வெளியேறினார் என்பர். ஆணைகளை எழுதிக் கொடுக்கும் பணியில் அவர் மனம் ஒட்டவில்லை.

அரசியல் சூறாவளி

அமைச்சர் இப்னுஸ் ஸய்யாத்துக்கு அல்-ஜாஹிழ் காணிக்கையாக்கிய பெருநூல் 'கிதாபுல் ஹயவான்' என்னும் விலங்கியல் களஞ்சியம். அமைச்சர் அதற்கு 5,000 தீனார் பரிசளித்தார். விலங்குகளைப் பற்றிய நூலெனினும் அதில் மொழி, மொழிபெயர்ப்பு, நூல்களின் பெருமை, மனித இயல்பு ஆகியன குறித்த சிந்தனைகள் செறிந்துள்ளன. மனிதர் தனித்து வாழ வல்லவரல்லர். ஒருவர்க்கொருவர் தேவைப்படுமாறே இறைவன் அவர்களைப் படைத்தான். அத்தேவையைத் தெரிவிக்கவே பயான் வழங்கப்பட்டது என்னும் அடிப்படைக் கருத்தை அந்நூலில் அவர் நிறுவுகிறார். மொழிபெயர்ப்பாளர் இரு மொழிகளிலும் நிகரான புலமையும், எடுத்துக்கொண்ட துறையில் மூல ஆசிரியர்க்கு ஒப்பான அறிவும் உடையவராதல் வேண்டும் என்பதும், கவிதையை மொழிபெயர்த்தால் அதன் யாப்பும் வியப்பும் சிதைந்துபோம் என்பதும் அந்நூலில் அவர் வெளியிட்ட முடிபுகள்.

847இல் அல்-முதவக்கில் கலீஃபாவானார். இப்னுஸ் ஸய்யாத் சிறைப்பட்டு, பிறரை வதைப்பதற்கென அவரே செய்வித்திருந்த ஆணிகள் பதித்த அடுப்பிலேயே துன்புறுத்தப்பட்டு மாண்டார். அவர் ஆதரவில் இருந்த அல்-ஜாஹிழ் தப்பி ஓடினார். ஏன் ஓடினீர் என்று கேட்டவர்களிடம், அந்த அடுப்பினுள் இரண்டாமவனாகிவிடுவேனோ என அஞ்சினேன் என்று கூறினாராம். கந்தல் ஆடையுடன் விலங்கிடப்பட்டு, தலைமை நீதிபதி இப்னு அபீ துவாதின் முன் அவர் கொண்டுவந்து நிறுத்தப்பட்டார். இறந்த அமைச்சர்க்கு நீதிபதி பெரும்பகைவர். உயிர் ஊசலாடிய அந்நேரத்தில் அல்-ஜாஹிழுக்கு நாவைத் தவிர வேறு துணையில்லை. தாம் தீங்கிழைத்தார், நீதிபதி நன்மை செய்தார் என்று உலகம் பேசுவது, நீதிபதி பழிவாங்கினார் என்று பேசுவதைவிட நீதிபதிக்கே அழகு தரும் என்ற கருத்தை எடுத்துரைத்தார். நீதிபதியின் உள்ளம் இளகிற்று. விலங்குகள் கழற்றப்பட்டன, புத்தாடை அளிக்கப்பட்டது. பகைவராக இருந்தவரே புரவலரானார். அவருக்கே அல்-ஜாஹிழ் தம் மற்றொரு பெருநூலாகிய 'அல்-பயான் வத்-தப்யீன்' என்பதைக் காணிக்கையாக்கினார்.

ஐந்து வாயில்கள்

மனிதர் உள்ளத்தில் உள்ள பொருள்கள் மறைந்தும் ஒதுங்கியும் கிடக்கின்றன. இருந்தும் இல்லாதவை போன்ற நிலை அது. உற்ற நண்பனாயினும் உடன்பிறந்தவனாயினும் அவற்றை அறிய முடிவதில்லை. அவற்றுக்கு உயிரூட்டி வெளிக்கொணர்வது எதுவோ அதுவே பயான் என்பது இந்நூலின் உயிர்நிலையான கருத்து. பொருள்கள் எல்லையற்றவை; அவற்றைக் குறிக்கும் சொற்களோ எண்ணிக்கைக்கு உட்பட்டவை. ஆதலின் சொல் ஒன்றே போதாது. பொருளை உணர்த்தும் வாயில்கள் ஐந்து என அவர் வகுத்தார்.

முதலாவது லஃப்ழ் என்னும் சொல். அருகிலிருப்போரை எட்டுவது, காற்றோடு மறைவது.

இரண்டாவது இஷாரா என்னும் சைகை. கை, தலை, கண், புருவம், தோள் ஆகியவற்றால் நிகழ்வது. சைகையும் சொல்லும் கூட்டாளிகள். சொல்லுக்குத் துணையாகவும், சில இடங்களில் சொல்லின் இடத்திலேயே நின்றும் சைகை பயன்படும் என்கிறார் அவர். குரல் சென்று சேராத தொலைவுக்கும் கையசைவு சென்று சேரும். பலர் கூடிய அவையில் ஒருவர்க்கு மட்டும் கமுக்கமாக உணர்த்துவதும் கண்ணால் இயலும். நபி ஸகரிய்யா (அலை) அவர்கள் மூன்று நாட்கள் சைகையாலன்றிப் பேசாதிருந்ததையும், மர்யம் (அலை) அவர்கள் தம் மக்களுக்கு விடையாகக் குழந்தையைச் சுட்டிக்காட்டியதையும் திருமறை ஓதுவோர் நன்கறிவர். அரபியர் சொற்பொழிவின்போது கையில் கோலேந்துவதைப் பிற இனத்தார் எள்ளியபோது, அக்கோலின் சிறப்பை விளக்க அல்-ஜாஹிழ் இந்நூலில் ஒரு தனிப்பகுதியே எழுதினார். வெள்ளிக்கிழமை குத்பாவில் கதீப் அஸாவைக் கையிலேந்தி நிற்கும் வழக்கம் தமிழகத்துப் பள்ளிவாசல்கள் பலவற்றிலும் உண்டு. அதனைக் கண்டிருப்போர்க்கு இப்பகுதியின் சுவை எளிதில் விளங்கும்.

மூன்றாவது அக்த் என்னும் விரற்கணக்கு. விரல்களை மடக்கியும் நீட்டியும் எண்களைக் குறிக்கும் முறை அக்காலச் சந்தைகளில் பரவலாக வழங்கியது. ஒரு கையில் ஒன்றுகளும் பத்துகளும், மறு கையில் நூறுகளும் ஆயிரங்களுமாக 9,999 வரை காட்ட இயலும். மொழி தெரியாத இரு வணிகரும் விலை பேசி முடிக்க இது உதவிற்று. தொழுகையின் இருப்பில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் வலக்கை விரல்களை ஐம்பத்து மூன்று என்னும் எண்ணின் வடிவில் மடக்கிச் சுட்டுவிரலால் சுட்டியதாக இப்னு உமர் (ரலி) அவர்கள் வழி வரும் ஹதீஸ் கூறுகிறது. விரற்கணக்கு அக்கால மக்களுக்கு எத்துணைப் பழகிய குறியாக இருந்தது என்பதற்கு இதுவே சான்று.

நான்காவது கத் என்னும் எழுத்து. நா உடனிருப்பவர்க்கே பயன்படும். எழுத்தோ உடனிருப்பவர்க்கும் தொலைவிலிருப்பவர்க்கும், இன்னும் பிறவாதவர்க்கும் பயன்படும். எழுதுகோலைக் கொண்டு இறைவன் கற்பித்ததை அலக் அத்தியாயம் சிறப்பித்துக் கூறுவதும் இதனாலன்றோ?

ஐந்தாவது ஹால் அல்லது நிஸ்பா எனப்படும் நிலை. சொல்லின்றி, கையசைவின்றி, எழுத்தின்றி, ஒரு பொருள் தான் இருக்கும் நிலையாலேயே உணர்த்துவது இது. வாடிய முகம் நோயைச் சொல்கிறது. வானும் பூமியும் தம்மைப் படைத்தவனைச் சொல்கின்றன. ஊமையான பொருளும், அதனைச் சிந்திக்கும் அறிவுடையோன் முன் பேசும் பொருளாகிவிடுகிறது.

முதல் நான்கிலும் உணர்த்த விரும்பும் ஒருவர் இருக்கிறார். ஐந்தாவதிலோ உணர்ந்துகொள்ளும் அறிவே தலைமை பெறுகிறது. வானம் எல்லார் தலைக்கு மேலும் விரிந்துள்ளது. அதன் பேச்சோ சிந்திப்பவன் செவியில் மட்டுமே விழுகிறது. எனவே பொருட்புலப்பாடு என்பது கூறுபவன் செயலோடு முடிவதில்லை. கேட்பவன் உள்ளத்தில் சென்று சேரும்போதே அது நிறைவு பெறுகிறது. விளங்கிக்கொள்ளலும் விளங்கவைத்தலுமே பேச்சின் எல்லை என்று அல்-ஜாஹிழ் முடிவு கட்டினார். புரியாத அருஞ்சொற்களை அள்ளித் தெளித்துப் புலமை காட்டுவோரை அவர் கண்டித்தார். கொச்சையாகப் பேசுவதையும் விரும்பவில்லை. அவையின் தகுதியை அளந்து அதற்கேற்பப் பேசுதலே அவர் கண்ட நெறி. நீண்ட ஆராய்ச்சியின் இடையே நகைச்சுவைக் கதையொன்றை அவர் நுழைப்பதும் படிப்போர் சலிப்படையாதிருக்கவே ஆகும்.

குறையை வென்ற நா

இக்கருத்துகளுக்கு அவர் தரும் எடுத்துக்காட்டுகள் உயிர்த்துடிப்பு உள்ளவை. வாஸில் இப்னு அதா என்னும் அறிஞர்க்கு அரபியின் ரா எழுத்தை ஒலிக்க வராது. அரபியில் மிகுதியும் பயிலும் எழுத்துகளுள் அதுவும் ஒன்று. அவைகளில் வாதிட வேண்டிய பொறுப்பிலிருந்த அவர், அவ்வெழுத்து வரும் சொற்களையெல்லாம் நீக்கி, அதே பொருள் தரும் வேறு சொற்களைக் கொண்டு தங்குதடையின்றிப் பேசப் பழகினார். கோதுமைக்கு புர் என்னும் சொல்லை விடுத்துக் கம்ஹ் என்பதை ஆள்வார். கேட்போர் பலர்க்கு அக்குறை இருப்பதே தெரியாது. ஒரு வாயில் அடைபட்டபோது பொருள் மற்றொரு வாயில் வழியே வெளிவந்தது. பஸராவுக்கு வந்து குடியேறிய பிறநாட்டாரின் ஒலிப்புகளையும் அவர் கூர்ந்து பதிவு செய்தார். வளர்ந்தபின் அரபி கற்ற சிந்து நாட்டவர் ஜீம் எழுத்தை ஸாயாக ஒலிப்பர் என்று அவர் குறித்திருப்பது, ஒலியியல் மாணவர் இன்றும் கருதத்தக்கது.

இந்தியாவைப் பற்றிய செய்தியொன்றும் அந்நூலில் உண்டு. யஹ்யா அல்-பர்மகீ அழைப்பின் பேரில் இந்திய மருத்துவர் சிலர் பக்தாதுக்கு வந்திருந்தனர். அவருள் பஹ்லா என்பவரிடம், இந்தியர் சொல்வன்மை என்று எதனைக் கருதுகின்றனர் என வினவப்பட்டது. அது குறித்து எழுதப்பட்ட ஏடு தம்மிடம் உண்டு என்றும், அதைச் செம்மையாக மொழிபெயர்க்கும் திறன் தமக்கில்லை என்றும் அவர் கூறிவிட்டார். பின்னர் அந்த ஏடு மொழிபெயர்ப்பாளரிடம் கொண்டு செல்லப்பட்டது. அதன் கருத்துகளை அல்-ஜாஹிழ் தம் நூலில் ஏற்றுப் பதிந்தார். அறிவு எம்மொழியிலிருந்து வந்தாலும் வரவேற்ற பண்பையும், அறியாததை அறியேன் என்று சொன்ன மருத்துவரின் நேர்மையையும் ஒருங்கே காட்டும் நிகழ்ச்சி இது.

முகமும் மொழியும்

அல்-முதவக்கில் தம் மக்களுக்கு ஆசிரியராக அமர்த்த அல்-ஜாஹிழை அழைத்தார். நேரில் கண்டதும் அவர் தோற்றம் பிடிக்காமல் 10,000 திர்ஹம் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டார். அரபு நாடெங்கும் கொண்டாடிய உரைநடை ஆசான், இரு விழிகளின் பொருட்டு வாயிலோடு திரும்பினார். அவர் இதனை மறைக்காமல் தாமே பிறரிடம் சொல்லிவந்தார். பெண்ணொருத்தி அவரைப் பொற்கொல்லர் கடைக்கு அழைத்துச் சென்று, இதைப்போல் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனதையும் அவர் சொன்னதாகக் கதை வழங்குகிறது. பொருள் விளங்காமல் அவர் பொற்கொல்லரைக் கேட்க, மோதிரத்தில் ஷைத்தானின் உருவம் பொறிக்கச் சொன்னாள். ஷைத்தானை நான் கண்டதில்லையே என்றேன். உம்மைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டாள் என்று அவர் விளக்கினாராம். தம்மைப் புண்படுத்திய நிகழ்ச்சியையும் நகைச்சுவையாக்கித் தந்த உள்ளத்தின் பெருமை, இவ்விரு செய்திகளிலும் தெரிகிறது.

முதுமையில் அவர் பஸராவுக்கே திரும்பினார். உடலின் ஒரு பாதி வாதத்தால் உணர்விழந்தது. மறு பாதியோ ஓர் ஈ வந்தமர்ந்தாலும் வலியால் துடித்தது. அந்நிலையிலும் அறிஞர்கள் அவரைத் தேடி வந்தவண்ணம் இருந்தனர். ஹிஜ்ரி 255இல், அதாவது கி.பி. 868ஆம் ஆண்டின் இறுதியிலோ 869இன் தொடக்கத்திலோ, தொண்ணூறு வயதைக் கடந்த நிலையில் அவர் மறைந்தார். சுற்றிலும் அடுக்கியிருந்த நூல்கள் சரிந்து விழுந்து இறந்தார் என்பது பிற்காலத்தார் கூறும் வழக்கு. அவர் நூல்மேல் கொண்ட காதலை மக்கள் எவ்வாறு நினைவிற் கொண்டனர் என்பதற்கு அக்கதை அடையாளமாகும்.

அவர் எழுதியவை ஏறத்தாழ 200 என்பர். முழுமையாக நமக்குக் கிடைத்திருப்பவை ஏறக்குறைய 30. 14ஆம் நூற்றாண்டின் பேரறிஞர் இப்னு கல்தூன், அரபு இலக்கியக் கல்விக்கு அடிப்படை எனத் தம் ஆசிரியர்கள் மதித்த நான்கு நூல்களுள் 'அல்-பயான் வத்-தப்யீன்' என்பதையும் எண்ணியுள்ளார். 20ஆம் நூற்றாண்டில் எகிப்திய அறிஞர் அப்துஸ் ஸலாம் ஹாரூன் அவருடைய பெருநூல்களை ஆய்ந்து பதிப்பித்தார்.

நாம் பெறும் படிப்பினை

அல்-ஜாஹிழ் இக்காலக் குறியியலார் பேசும் யாவற்றையும் பேசிவிட்டார் எனக் கூறுதல் மிகையாகும். சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள உறவு சமுதாய உடன்பாட்டால் அமைவது என்பதைச் சசூர் ஒரு முழு அமைப்பாக வளர்த்தெடுத்தார். அல்-ஜாஹிழின் நாட்டம் வேறு திசையில் இருந்தது. குறி தன் வேலையைச் செய்ததா, கேட்டவர்க்கு விளங்கியதா என்பதே அவர் வினா. அவ்வினாவில் அறிவோடு அறமும் கலந்துள்ளது.

கல்வி பயிலும் மாணவர்க்கும், பயிற்றும் ஆசிரியர்க்கும், மிம்பரில் நின்று பேசும் ஆலிம்களுக்கும் அவ்வினா இன்றும் பொருந்தும். நாம் கற்றது பிறர்க்கு விளங்காத வரையில், அது நம் நெஞ்சில் இருந்தும் இல்லாததே. அருஞ்சொல் அடுக்கியதால் உரை உயர்ந்துவிடாது. எதிரில் அமர்ந்திருப்பவரின் முகம் தெளிந்ததா என்று பார்த்துப் பேசுவோனே பயானின் உரிமையை நிறைவேற்றியவன். அவ்வாறே கேட்கும் இடத்தில் இருப்போர்க்கும் கடமை உண்டு. பெயரைப் பார்த்தும், தோற்றத்தைப் பார்த்தும், குலத்தைப் பார்த்தும் தீர்ப்பு வழங்கி, வாய் திறக்குமுன் ஒருவரை வாயிலோடு திருப்பி அனுப்பும் வழக்கம் கலீஃபாவின் அரண்மனையோடு ஒழிந்துவிடவில்லை. வகுப்பறையின் கடைசி வரிசையில் ஒலிப்புக் குறையாலோ வறுமையாலோ வாய் மூடி அமர்ந்திருக்கும் மாணவனின் நிலையும் ஒரு பேச்சே. அதனைப் படித்தறியும் ஆசிரியர் கிடைப்பாராயின், மீன் விற்ற கரையிலிருந்து இன்னொரு பேரறிஞர் எழுதல் அரிதன்று. வல்ல இறைவன் நமக்கு விளங்கும் அறிவையும் விளங்கவைக்கும் நாவையும் அருள்வானாக!